தேதி கிழித்தால் மாறும் பக்கம்

மேக்னாவின் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. எப்போதும் ஒரு நாள்காட்டி தொங்குகிற அந்த ஆணியில், அந்த ஆண்டு ஒன்றுமே தொங்கவில்லை.

அது சாதாரண ஆணி இல்லை. கொல்கத்தாவின் கிதிர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது அடித்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறோம், எல்லாரும் காலி செய்யுங்கள் என்று சொன்ன நாளில், மேக்னாவின் அப்பா இராஜமாணிக்கம் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பெஹாலாவில் வாடகை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் அடித்தார்.

"கட்டிலை இன்னும் வண்டியிலேர்ந்து இறக்கல. இந்த மனுஷன் ஆணி அடிச்சிட்டிருக்காரு!" என்று அம்மா மஞ்சுளா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்பா சிரித்தார். "தேதி இருந்தாத்தான் அது வீடு," என்றார்.

தினமும் ஒரு தாள் கிழிக்கிற தமிழ் நாள்காட்டி அது. லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிதம்பரம் மாமா, ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் ஒன்று கொடுப்பார். கொல்கத்தாவில் வேறெங்கே அது கிடைக்கும்?

தாள் கிழிப்பதற்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒற்றைப்படைத் தேதி பிறக்கிற காலையில் அக்கா ஷியாமளா கிழிக்க வேண்டும். இரட்டைப்படைத் தேதி பிறந்தால் மேக்னா.

சட்டம் போட்டது அக்கா. அதில் ஒரு சூழ்ச்சி இருந்தது என்பது மேக்னாவுக்கு ஏழு வயதில்தான் தெரிந்தது. முப்பத்தொன்று ஒற்றைப்படை. அடுத்த நாள் ஒன்றாம் தேதி. அதுவும் ஒற்றைப்படை!

"இரண்டு நாளும் உனக்கா? இது அநியாயம்!" என்று மேக்னா கத்துவாள்.

"நான் என்ன செய்ய? கணக்கு அப்படி," என்பாள் அக்கா.

சண்டை நடக்கும்போது அப்பா டீக் குவளையோடு பின்னால் நிற்பார். கிழித்த தாளை வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேன் இறக்குகிற கொக்கியைச் சரக்கில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு விலகி நின்று கையை ஆட்ட வேண்டும். காலையிலிருந்து மாலை வரை அதுதான். சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்விட்டதால் அவருக்கு எழுத்து தெரியாது. நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார். அந்த நாள்காட்டித் தாள்களை வைத்துத்தான் அக்கா அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் எண்கள். பிறகு கிழமைகள். 'வெள்ளி' என்ற சொல்லை அவர் முதன்முதலாகத் தானே படித்த அன்று, அம்மா கேசரி செய்தாள்.

பிறகு அக்கா நர்சிங் படிக்கச் சென்னைக்குப் போனாள்.

போவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். துறைமுக ஆபீசில் வேண்டாமென்று கழித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பிரவுசரைத் திறந்தால் முதலில் வருகிற முகப்புப் பக்கமாக, தானே உருவாக்கிய ஒரு பக்கத்தை வைத்துவிட்டுப் போனாள்.

மேலே ஒரு புகைப்படம். கிதிர்பூர் குவார்ட்டர்ஸ் மாடிப்படி. நான்கு பேரும் படிக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். அதன் கீழே கொட்டை எழுத்தில் நாலு வரிக் கடிதம். விடுதியில் கைப்பேசி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆனால் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் ஒரு கடிதம் எழுதிவிடுவாள். மறுநாள் காலையில் அப்பா அதைப் படிப்பார்.

அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒரே ஒரு படம். மேசைத் திரையின் மூலையில் இருக்கும் பிரவுசர் படம். "அதை ரெண்டு தட்டு தட்டுங்கப்பா. நான் வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அக்கா. ஆறரை மணிக்குக் குளித்துவிட்டு, டீயை ஊதிக்கொண்டே அவர் இரண்டு தட்டு தட்டுவார். விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் படிப்பார்.

"பெரியவ என்ன எழுதியிருக்கா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்.

"இரு, இரு. இன்னும் ரெண்டாவது வரியே முடியல."

அவர் யாரையும் பக்கத்தில் சேர்க்கமாட்டார். அது அவர் கடிதம்.

அந்த ஜனவரியில்தான் நாள்காட்டி வரவில்லை.

"பார்சல் மழையில நனைஞ்சு கூழாயிருச்சு, மாணிக்கம். இந்த வருஷம் யாருக்குமே இல்ல," என்று சிதம்பரம் மாமா கையை விரித்துவிட்டார்.

அப்பா வெறுங்கையோடு வீடு திரும்பினார். ஆனால் காலையில் எழுந்ததும் பழக்கத்தில் ஆணி வரை போவார். வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இதைப் பார்க்க மேக்னாவுக்குப் பாவமாக இருந்தது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். 'இலவசத் தினசரி நாள்காட்டி' என்று ஒன்று கிடைத்தது. அதை இறக்கினாள். அது என்னென்னவோ கேட்டது. எல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. யார் படிப்பது? 'அடுத்து', 'அடுத்து', 'அடுத்து', 'சரி' என்று ஒரே மூச்சில் அழுத்தித் தள்ளினாள்.

நாள்காட்டி வந்தது! திரையில் அசல் சுவர் நாள்காட்டி மாதிரியே இருந்தது. ஓரத்தைத் தொட்டால் 'சர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு தாள் கிழிந்து பறந்தது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சத்தம் கூட அதேதான்!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் துறைமுகத்தில் எல்லாரிடமும், "என் சின்ன மக கம்ப்யூட்டர்லயே நாள்காட்டி மாட்டிக் கொடுத்திருக்கா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

முதலில் தேதி, பிறகு கடிதம். அதுதான் அவர் வழக்கம் ஆயிற்று.

பிறகு பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு மேக்னா எதையும் கவனிக்கவில்லை. தெருவில் இருக்கும் சங்கத்தின் சரஸ்வதி பூஜைக்கு அவள் வங்காளப் பாட்டுப் பாட வேண்டும். எந்நேரமும் அதே ஒத்திகை. பிரவுசரைத் திறந்தால் வேறு ஏதோ பக்கம் வருகிறது என்று அவளும் பார்த்தாள்தான். மஞ்சளும் சிவப்புமாக ஒரு பக்கம். நடுவில் தேடும் பெட்டி. சுற்றிலும் முகப்பூச்சு விளம்பரம், ஷூ விளம்பரம், சுற்றிச் சுற்றி ஆடுகிற ஒரு வாழைப்பழம். 'தேடும் பெட்டி இருக்கிறதே, போதும்' என்று விட்டுவிட்டாள்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி காலையில் அவள் சீக்கிரமே எழுந்தாள். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை படிந்திருந்தது. திரையில் வாழைப்பழம் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரியவ என்ன எழுதியிருக்கா?"

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நல்லா இருக்காளாம்," என்றார். "படிப்பு கொஞ்சம் ஜாஸ்தியாம்."

மேக்னா கதவருகிலேயே நின்றாள்.

கடிதமே இல்லை. அப்பா பொய் சொல்கிறார். அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அம்மாவுக்குத் தெரிந்தால் அக்காவைத் திட்டுவாளே என்று மறைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் பேசியபோதுகூட அவளிடம் கேட்கவில்லை. எத்தனை நாளாக? இத்தனை நாளாகவா?

அன்று பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. அக்காவின் பக்கத்து முகவரியை நோட்டில் எழுதிவைத்திருந்தாள். தட்டினாள். மாடிப்படிப் படம் வந்தது. அதன் கீழே கடிதம். அதற்குக் கீழே நேற்றையது, முந்தாநாளையது, அதற்கும் முந்தையது... அக்கா ஒரு நாளும் விடவில்லை!

'அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா?' என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவர் அத்தனை அக்கறையாக மறைத்ததை அம்மா எதிரில் போட்டு உடைக்க மனம் வரவில்லை. பக்கத்தைச் சரிசெய்துவிட்டால் போதும். நாளைக் காலையில் அவரே இரண்டு தட்டு தட்டுவார். அக்கா வந்துவிடுவாள். அவரே சிரிப்பார்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி அமைப்புகளுக்குள் போய், முகப்புப் பக்கத்தை மாற்றினாள். மூடித் திறந்து பார்த்தாள். அக்காவின் பக்கம் வந்தது.

மறுநாள் காலையில் ஓடிவந்து பார்த்தாள். வாழைப்பழம் ஆடியது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மறுபடியும் மாற்றினாள். காலையில் மறுபடியும் வாழைப்பழம்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அவள் வாழைப்பழத்திடம் கோபமாகக் கேட்டாள். அது இடுப்பை ஆட்டியது.

கீழ்வீட்டில் கௌசிக் அண்ணன் இருந்தார்; வங்காளத்தில் அண்ணன் என்றால் 'தாதா', அதனால் அவர் கௌசிக்தா. நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மேக்னா படியிறங்கிப் போய் வங்காளத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஆரே பாபா!" என்று அவர் சிரித்தார். அவளை அவர் செல்லமாக 'மாமொனி' என்பார். "ஏதோ ஒண்ணு உள்ள புகுந்திருக்கு, மாமொனி. நீ திருத்தத் திருத்த அது மாத்திட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை வரேன். எல்லாத்தையும் துடைச்சிட்டுப் புதுசா போட்டுடுவோம்."

"எல்லாத்தையுமா? படமெல்லாம்?"

"படமும்தான் போகும்."

கிதிர்பூர் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மொட்டை மாடியில் துணி காய்கிற கயிறு. அதற்கு அப்பால் கப்பலின் புகைபோக்கி. மழைத் தண்ணீர் படி வரை வந்த நாளில் அக்கா விட்ட காகிதப் படகு. கட்டடமே இல்லாமல் போன பிறகு, அந்த வீடு இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

"வேண்டாம், தாதா," என்றாள் மேக்னா. "நானே பார்த்துக்கறேன்."

"அப்படின்னா யார் மாத்தறாங்கன்னு முதல்ல பிடி. பிடிச்சிட்டா பிடுங்கிப் போடறது சுலபம்," என்றார் கௌசிக்தா. எங்கே போய், எதைத் தொட்டால் ஒரு நிரலை நீக்கலாம் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அன்று பிப்ரவரி இரண்டு. மேக்னா மூன்றாவது தடவையாக முகப்புப் பக்கத்தை மாற்றிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை.

தமிழ்நாட்டில் அது புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும். வங்காளத்தில் தை மாதத்தில். அம்மா இரண்டையும் விடமாட்டாள். "படிப்பு விஷயம். ரெண்டு தடவை கும்பிட்டா குறைஞ்சா போயிடும்?" என்பாள். மேக்னா மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டாள். பூஜை முடிகிற வரை இலந்தைப்பழம் தின்னக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். இத்தனை நாளும் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைக்கு யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. புத்தகங்களை எல்லாம் தேவியின் காலடியில் வைத்துவிட வேண்டும். எந்தப் பாடம் வரவில்லையோ அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் தவறாமல் வைப்பார்கள். மேக்னா கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். கம்ப்யூட்டரின் மவுஸையும் கழற்றி எடுத்துக்கொண்டாள். தேவி இதற்கும் ஒரு வழி காட்டட்டுமே!

பந்தலில் பூசாரி அதைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "இது என்ன, எலியா? எலி பிள்ளையாரோட வண்டியாச்சே. சரஸ்வதிக்கு அன்னம்தானே?"

பந்தலே சிரித்தது. மேக்னாவும் சிரித்தாள். ஆனாலும் மவுஸ் அன்னத்தின் பக்கத்திலேயே இருந்தது. நாள் முழுவதும் இருந்தது.

வீட்டில் அப்பாவும் அன்று கம்ப்யூட்டரைத் தொடவில்லை. தொட மவுஸ் இல்லை. "எழுத்து இருக்கற எதையும் இன்னைக்குத் தொடக் கூடாதாம்ல? நல்லது," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாளும் பள்ளி விடுமுறை. அதிகாலையிலேயே மேக்னா பந்தலுக்கு ஓடி மவுஸை வாங்கி வந்து மாட்டினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பிரவுசர் படத்தை இரண்டு தட்டு தட்டினாள்.

மாடிப்படி! நான்கு பேரும் படிக்கு ஒருவராக!

வாழைப்பழம் இல்லை. முந்தாநாள் அவள் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"அப்பா! சீக்கிரம் வாங்க!" என்று கத்திக்கொண்டே பிரவுசரை மூடினாள். அவரே தட்டித் திறக்கட்டும் என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "முதல்ல தேதி," என்றார். நாள்காட்டியைத் திறந்தார். நேற்று விட்டுப்போனதால் இரண்டு தாள் கிழிக்க வேண்டியிருந்தது. சர்ர்ர். சர்ர்ர். இரண்டும் பறந்து மறைந்தன.

பிறகு பிரவுசர் படத்தை இரண்டு தட்டு தட்டினார்.

வாழைப்பழம் ஆடியது.

மேக்னா திரைக்கு அருகே குனிந்தாள். இப்போதுதான், இந்த நிமிடம்தான், அது நல்லபடியாக இருந்தது! இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. அப்பா தேதி கிழித்தார்.

தேதி கிழித்தால் பக்கம் மாறுகிறது. நேற்று யாரும் தேதி கிழிக்கவில்லை. அதனால் மாறவில்லை.

"எதுக்குக் கூப்பிட்ட, தாயி?" என்று கேட்டார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. மவுஸ் திரும்பி வந்துடுச்சுன்னு சொல்லத்தான்."

அப்பா சிரித்துவிட்டு, ஆறிய டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புகிற வரை மேக்னா சன்னலில் நின்றாள். நாள்காட்டியைக் கொண்டுவந்தது யார்? அவள்தான். ஒரே மூச்சில் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தியது யார்? அதுவும் அவள்தான். அந்தப் பொடி எழுத்தில் எங்கோ, 'உன் முகப்புப் பக்கத்தை நான் மாற்றிக்கொள்ளவா?' என்று அது கேட்டிருக்கும். அவள் 'சரி' என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது அதை நீக்க வேண்டும். நீக்கினால் அப்பாவுக்குத் தேதி போய்விடும். நீக்காவிட்டால் கடிதம் இல்லை.

அவள் வெறும் ஆணியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கௌசிக்தா கொடுத்த சீட்டை எடுத்துப் பிரித்தாள்.

நாள்காட்டியை நீக்கப் போனபோது ஓர் அழுமூஞ்சிப் படம் வந்தது. 'நிச்சயமாகப் போகச் சொல்கிறீர்களா?' என்று கேட்டது. இந்தத் தடவை மேக்னா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அழுமூஞ்சிக்குப் பக்கத்திலேயே 'இருக்கட்டும்' என்ற பொத்தான் பெரிதாகப் பளபளத்தது. 'போ' என்ற பொத்தான் மூலையில் கொசு அளவில் இருந்தது. அவள் கொசுவை அழுத்தினாள்.

பிறகு பிரவுசருக்குள் போனாள். கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பவை என்ற பட்டியலில், 'தேடல் உதவியாளன்' என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் அழைத்ததே இல்லை. அவனையும் நீக்கினாள். முகப்புப் பக்கத்தை மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இரண்டு தட்டு தட்டினாள்.

வாழைப்பழம்!

மேக்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாப்பிட வா! இட்லி ஆறுது!" என்று அம்மா கூப்பிட்டாள்.

"எனக்கு வேண்டாம்!"

"வேண்டாம்னா கம்ப்யூட்டருக்குக் குடு. நீ சாப்பிடறத விட அதுதான் உன்னச் சாப்பிடுது."

இட்லியைத் தின்றுகொண்டே யோசித்தாள். பிரவுசரைத் திறக்க இன்னொரு வழியும் இருந்தது. திரையின் கீழே இருக்கும் பட்டியலிலிருந்து திறக்கலாம். கையைக் கழுவாமலே போய்த் திறந்தாள்.

மாடிப்படி வந்தது!

கீழேயிருந்து திறந்தால் அக்கா வருகிறாள். அப்பா தட்டுகிற படத்தைத் தட்டினால் வாழைப்பழம் வருகிறது. அப்படியானால் பிரவுசர் மேல் குற்றமில்லை. காலையில் நன்றாக இருந்த அந்தப் படத்தின் மேல்தான், நாள்காட்டி போகிற போக்கில் எதையோ ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது.

அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். பிரவுசர் இருக்கிற இடம் ஒரு வரியாக எழுதியிருந்தது. அந்த வரி முடிந்த பிறகு, ஒரு சின்ன இடைவெளி விட்டு, வாழைப்பழப் பக்கத்தின் முகவரி தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் காலில் அட்டை ஒட்டிக்கொண்டு தொங்குமே, அதே மாதிரி.

"பிடிச்சிட்டேன்!" என்று மேக்னா நாற்காலியிலேயே குதித்தாள்.

அந்தப் படத்தை அழித்தாள். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, அதே மூலையில், அதே இடத்தில் வைத்தாள். அப்பாவின் கை அந்த இடத்துக்குத்தான் பழகியிருந்தது. கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் மாடிப்படி.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. போன வருஷத்துப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவற்றை எடுத்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. மேக்னா வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னத்த உடைச்ச?"

"உடைக்கல. நான் மாட்டினேனே நாள்காட்டி, அது திருட்டு நாள்காட்டி. நீங்க தேதி கிழிக்கறப்பல்லாம் அது அக்கா பக்கத்த எடுத்துட்டு வேற பக்கத்த வச்சிடுச்சு. நான் படிக்காமலே 'சரி'ன்னு அழுத்திட்டேன். அதான் அந்த வாழைப்பழம். இன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார்.

"அப்ப," என்றார் மெதுவாக, "அவ எழுதிட்டுத்தான் இருந்தாளா?"

"ஒரு நாள் கூட விடலப்பா. பதினெட்டுக் கடிதம் இருக்கு."

அப்பா இன்னொரு செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். கையை மட்டும் துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். மூலையிலிருந்த படத்தை இரண்டு தட்டு தட்டினார்.

மாடிப்படி வந்தது. அப்பா படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போய், எல்லாவற்றிலும் பழைய கடிதத்திலிருந்து ஆரம்பித்தார். வழக்கத்துக்கு மாறாக, இன்று வாய்விட்டுப் படித்தார்.

"அப்பா... இங்கே... மழை. விடுதி... மாடியில்... துணி நனைந்து... விட்டது. நம்... குவார்ட்டர்ஸ் மாடியில் அம்மா... 'மழை மழை' என்று... கத்திக்கொண்டு... ஓடுவாளே... அது ஞாபகம் வந்தது."

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"நான் எங்க கத்தினேன்?" என்றாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பிப்ரவரி ஒன்றாம் தேதிக் கடிதம் வந்தபோது அப்பாவே சிரித்துவிட்டார். "இது உனக்கு, பாப்பா. கேளு. 'நேற்று முப்பத்தொன்று. இன்று ஒன்று. இரண்டும்... என் முறை. நான் இல்லை என்று... இரண்டையும் நீ கிழித்தாயா... மேக்னா? திருடி!'"

"நான் கிழிக்கவே இல்ல!" என்று மேக்னா கத்தினாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இத்தனை நாளா நல்லா இருக்காளாம்னு சொன்னீங்களே," என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கா?" என்றார் அப்பா.

பதினெட்டும் படித்து முடிந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார்.

கிதிர்பூர் ஆணியில் ஒரு நாள்காட்டி தொங்கியது. உள்ளங்கை அகலத் தாள்கள். பெரிய எழுத்தில் '4'. கீழே கிழமை. ராகு காலம் தெரியாததால் அந்த இடத்தில் மேக்னா ஓர் இலந்தைப்பழம் வரைந்திருந்தாள்.

"பிப்ரவரி வரைக்கும்தான் இருக்கு," என்றாள். "மார்ச்சு செய்யத் தாள் பத்தல. எல்லாப் பாடத்துலயும் நான் இன்னும் நிறைய பரீட்சை எழுதணும்."

அப்பா எழுந்துபோய்த் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கணக்குப் பரீட்சை. ஐம்பதுக்குப் பதினேழு. அப்பா எண்களை நன்றாகப் படிப்பார். ஆனால் அன்று மெதுவாகத் தாளை முன்பக்கமாகவே திருப்பிவிட்டார்.

மறுநாள் காலை. தேதி ஐந்து.

"ஒத்தைப்படை," என்றார் அப்பா. "இது பெரியவளோட முறை. அவளுக்காக நான் கிழிக்கறேன்."

"அது எப்படி? அவ இல்லன்னா அது எனக்குத்தான்!"

"சட்டம்னா சட்டம்," என்றார் அப்பா.

சர்ர்ர் என்று கிழித்தார். அந்தத் தாளை இந்த முறை மடித்துப் பையில் வைக்கவில்லை. மேசையில் திருப்பிப் போட்டு, மேக்னாவின் பேனாவை எடுத்தார். பரீட்சைக் கணக்குக்கு மேலே கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. கொக்கி மாட்டுகிற அதே கவனத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். டீ ஆறியது. ஏழு மணி ஆகிவிட்டது என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள்.

எழுதி முடித்து மேக்னாவிடம் நீட்டினார். "இதை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பு. எழுத்துப் பிழை இருந்தா திருத்தாத. அவ திருத்தட்டும்."

எழுத்துகள் மேலும் கீழுமாக, மாடிப்படி மாதிரி ஏறி இறங்கி இருந்தன.

'சியாமளா. உன் பதினெட்டு கடிதமும் கிடைத்தது. மழை வந்தால் துணியை எடு. மேக்னா நேற்று நம் வீட்டுக்குத் தேதி கொண்டு வந்தாள்.'